எந்த முறையில் மாமா?

மார்ச் 2

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். என் பேன்ட்தான் சுகமில்லை. உன் அம்மா அதற்குக் கண், காது, மூக்கு வைத்து உன்னிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் வார்டில் ஒரு கனத்த மனிதரைக் கட்டிலிலிருந்து ட்ராலிக்கு மாற்றினோம். வழக்கம்போல நான்தான் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினேன். மூன்று என்றதும் அவர் மேலே வந்தார். என் பேன்ட் பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை கிழிந்துவிட்டது. போர்வையைக் கிழித்துவிட்டேன் என்று நர்ஸ் என்னை முறைத்தார். இரண்டு நாளாக வாய் திறக்காமல் கிடந்த அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "அண்ணே, சிரிக்க வெக்காதீங்க, தையல் பிரிஞ்சிடும்!" என்றார். "உங்களுக்கு இனிமேதான், எனக்குப் பிரிஞ்சாச்சு" என்றேன்.

அங்கிருந்து ஸ்டோர் ரூம் வரை சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நண்டு மாதிரி நடந்தேன். எதிரே வந்த பெரிய டாக்டருக்கு வழி விடக்கூட நகரவில்லை. மரியாதை தெரியாதவன் என்று நினைத்திருப்பார்.

போனில் நான் பேசுவது மூன்றே வாக்கியம். சாப்பிட்டியா, வேலை எப்படி, இரு அம்மாகிட்ட குடுக்கறேன். நீதான் "எழுதுங்கப்பா, எழுத்துல நல்லாப் பேசறீங்க" என்றாய். ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவனை இப்படி உசுப்பேற்றினால் அனுபவிக்கத்தான் வேண்டும். உனக்குப் பெரிய வேலை ஒன்று வந்திருப்பதாக அம்மா சொன்னாள். என்ன வேலை? விவரமாக எழுது அம்மாடி. கழுத்து வலி எப்படி இருக்கிறது?

கிழிந்த பேன்ட்டின் சொந்தக்காரன்,
அப்பா


மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். கழுத்து வலி மட்டும் என்னை விட்டுப் பிரியமாட்டேன் என்கிறது. உங்கள் கடிதத்தை ஆபீஸில் படித்துச் சிரித்து, பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்க்க, மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

வேலை என்ன தெரியுமா? சீருடை. இந்த ஊரில் ஓர் ஆஸ்பத்திரி புதுக் கட்டடம் திறக்கிறது. அங்கே வார்டில் வேலை செய்கிறவர்கள், ட்ராலி தள்ளுகிறவர்கள் நானூறு பேருக்கு உடை. ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தந்திருக்கிறார்கள். அதில் முதல் வரி: "பார்ப்பதற்கு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கக் கூடாது." இரண்டாவது வரி: "கோடுகள் சுத்தமாக, துருத்தல் எதுவும் இல்லாமல்." அந்தத் தாளிலிருந்து கடைசி வடிவம் வரை எல்லாமே என் பொறுப்பு. எங்கள் டிசைன் ஆபீஸ் மேடம் சொன்னார்: "நீயே ஆரம்பி, நீயே முடி. சரியா வந்தா இனிமே உனக்குத் தனி வேலை. இல்லேன்னா பழையபடி அடுத்தவங்க படத்துக்குக் கலர் அடி." நாலு வருஷம் கலர் அடித்தாயிற்று அப்பா.

ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்துக்குப் போய் ஒருவர் பின்னாலேயே மூன்று நாள் சுற்றினேன். ட்ராலியும் சக்கர நாற்காலியுமாகவே திரிவதால் எல்லோரும் அவரைச் சக்கரம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் சக்கரம் மாமா என்கிறேன். என்ன மனிதர்! சக்கர நாற்காலி தள்ளும்போது நோயாளியிடம் "இப்ப ஒரு மேடு வரும், லேசா ஆடும்" என்று சொல்லிவிட்டுத்தான் தள்ளுவார். எங்கே சட்டை மேலேறும், எங்கே வேர்க்கும் என்று ஒவ்வொன்றையும் செய்து காட்டினார். அவர் வீட்டில் டீ குடித்தேன். அவரை மாதிரி தன் வேலையைத் தெரிந்த ஒருவரை நான் பார்த்ததே இல்லை.

அம்மாவின் மாத்திரை தீரும் முன்பே வாங்கிவிடுங்கள்.

அன்புடன்,
மகள்


மார்ச் 17

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் சௌக்கியம், மாத்திரை வாங்கியாயிற்று.

ஒரு சந்தேகம். சக்கரம் மாமா என்று எழுதியிருக்கிறாயே, எந்த முறையில் மாமா? உன் அம்மாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. எனக்கு அக்கா தங்கை கிடையாது. இரண்டு பக்கமும் தேடிவிட்டேன். அம்மாவிடம் கேட்டதற்கு, "வயசுல பெரியவரை வேற எப்படிக் கூப்பிடுவா? பேசாம சாப்பிடுங்க" என்றாள்.

மேடு வரும்போது சொல்லிவிட்டுத் தள்ளுவது நல்லதுதான். நாங்கள் மேட்டைப் பார்த்தாலே பின்பக்கமாகத் திருப்பி, பெரிய சக்கரத்தை முதலில் ஏற்றிவிடுவோம். ஆட்டமே இருக்காது. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்காது. அவருக்கு அது தெரியுமோ என்னவோ. நான் குறையாகச் சொல்லவில்லை.

அவருக்கு எத்தனை வருஷ சர்வீஸ்? சும்மா கேட்கிறேன். எனக்கு முப்பத்தொன்று.

அவர் வீட்டு டீ நன்றாக இருந்ததா?

அப்பா


ஏப்ரல் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். நலமாக இருக்கிறேன், தூக்கம்தான் கொஞ்சம் குறைவு. மாமாவுக்கு இருபத்தேழு வருஷம். டீ சுமார்.

என் மேஜைக்கு எதிரில் ஆளுயரப் பலகை ஒன்று இருக்கிறது. அதில் துணித் துண்டுகள், நிறங்கள், நான் எடுத்த போட்டோக்கள், எல்லாம் குத்தி வைத்திருக்கிறேன். மழை நின்ற பிறகு வானம் இருக்குமே, அந்தச் சாம்பல் நீலம் முடிவாகிவிட்டது. நாற்பத்திரண்டு படம் வரைந்து முப்பத்தொன்பதைக் கிழித்தேன். சட்டையின் பின்பக்கம் நீளம், முன்பக்கம் குட்டை. குனிந்தால் முதுகு தெரியாது. பேன்ட்டின் பின்பக்கத்தில் ஒரு பட்டைத் துணி கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன். யாரால் என்று சொல்ல வேண்டியதில்லை!

இப்போது ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். வலது தொடையில், முட்டிக்கு ஒரு சாண் மேலே, கத்தரிக்கோலும் சீட்டும் வைக்க, மூடியோடு ஒரு பாக்கெட் கட்டாயம் வேண்டும் என்கிறார் சக்கரம் மாமா. மேடத்துக்குப் பிடிக்கவில்லை. அது துருத்தும், ஆஸ்பத்திரிக்காரர்கள் துருத்தலே வேண்டாம் என்றிருக்கிறார்கள் என்கிறார். வைப்பதா விடுவதா என்பதை என்னிடமே விட்டுவிட்டார். அடுத்த வாரம் துணி வெட்டியாக வேண்டும்.

உங்களிடம் ஒரே ஒரு கேள்வி அப்பா. அது வேண்டுமா, வேண்டாமா? மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் நீங்களும் ஒரு வார்த்தை சொன்னால் நிம்மதி.

அன்புடன்,
மகள்


ஏப்ரல் 10

அன்பு மகளுக்கு,

நலம்தானே? தூக்கத்தைக் குறைக்காதே.

மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றபிறகு என்னை எதற்கு அம்மாடி கேட்கிறாய்? இருந்தாலும் கேட்டுவிட்டாய், சொல்கிறேன். தொடையில் பாக்கெட்டா? முப்பத்தோரு வருஷத்தில் நான் அப்படி ஒன்று வைத்துக்கொண்டதும் இல்லை, தேவைப்பட்டதும் இல்லை. வேலை தெரிந்தவனுக்கு எது எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். அங்கே ஒரு பை, இங்கே ஒரு பை என்று தொங்கவிட்டுக்கொண்டு திரிவது புதிதாகச் சேர்ந்தவர்கள் வழக்கம். இருபத்தேழு வருஷம் ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனாலும் நாலு வருஷம் என்னைவிட இளையவர்தானே. உன் மேடம் சொல்வதே சரி. எடுத்துவிடு.

அம்மா இந்தக் கடிதத்தைப் படிக்கக் கேட்டாள். தபாலுக்கு நேரமாகிவிட்டது என்று ஒட்டிவிட்டேன்.

அப்பா


ஏப்ரல் 29

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமா? அவசரமாக எழுதுகிறேன். பாக்கெட்டை எடுத்துவிட்டேன். "ஓர் அனுபவஸ்தரைக் கேட்டேன், வேண்டாம் என்றார்" என்று மேடத்திடம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். மாமாவிடமும் சொன்னேன், என் அப்பாவும் இதே வேலைதான், முப்பத்தோரு வருஷம் என்று. அவர் தள்ளிக்கொண்டிருந்த ட்ராலியை நிறுத்தினார். பிறகு, "உங்க அப்பாவே சொன்னாரா? அப்ப சரி" என்றார்.

பன்னிரண்டு பேருக்கு மாதிரி உடை தைத்தாகிவிட்டது. மே ஐந்தாம் தேதியிலிருந்து ஒரு வாரம் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்து பார்ப்பார்கள்.

மகள்


மே 20

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். உன்னிடமிருந்து மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. போனில் அம்மாவிடம் "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொன்னாயாம். நீ நன்றாக இருக்கும்போது அரை மணி நேரம் பேசுவாய்.

உன் மேடத்திடம் என்னை அனுபவஸ்தர் என்று சொன்னதைப் படித்தேன். அப்பா என்பதைவிட நீளமான பட்டம். வைத்துக்கொள்கிறேன்.

உடையைப் போட்டுப் பார்த்தார்களா? என்ன சொன்னார்கள்? மாமா சௌக்கியமா? ஒரு வரி எழுதினால் போதும். உடம்பு ஏதாவது சரியில்லையென்றால் அதையாவது எழுது.

அப்பா


ஜூன் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

முதல் நாள் எல்லோரும் அழகாக இருந்தார்கள். போட்டோகூட எடுத்தோம். இரண்டாம் நாள் குனிந்தபோது ஒருவருடைய சட்டைப் பையிலிருந்து கத்தரிக்கோல் நோயாளியின் தலையணையில் விழுந்தது. நல்லவேளை, தலையணை. இடுப்புப் பாக்கெட்டில் வைத்தால் கட்டில் கம்பியில் இடித்துக்கொள்கிறது. நோயாளியை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று எழுதிய சீட்டை ஒருவர் வழியில் தவறவிட்டு, வார்டுக்குப் போக வேண்டிய ஒரு வயதானவர் எக்ஸ்ரே அறை வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

நாலாவது நாள் ஆஸ்பத்திரி நிர்வாகி பார்வையிட வந்தார். பன்னிரண்டு பேரும் என் சாம்பல் நீல உடைக்கு மேல், இடுப்பில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். நிர்வாகி சிரித்தார். "இதுதான் புது டிசைனா?" என்று கேட்டார். எங்கள் மேடம் சிரிக்கவில்லை.

ஜூன் இருபத்தெட்டில் கடைசியாக ஒரு தடவை காட்டலாம். அதுவும் தவறினால் வேலை சீனியர் கைக்குப் போகும். நான் பழையபடி கலர் அடிக்கலாம்.

உங்களைக் குறை சொல்லவில்லை அப்பா. உங்கள் ஆஸ்பத்திரி வேறு மாதிரி இருக்கலாம். அங்கே தேவைப்படாதது இங்கே தேவைப்படலாம். சக்கரம் மாமாவும் அதைத்தான் சொன்னார்.

மகள்


ஜூன் 6

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். பிரித்துப் பார்த்துவிட்டு மேலே படி.

அது என் வேலை பேன்ட். வலது தொடையைப் பார். முட்டிக்கு ஒரு சாண் மேலே, மூடியோடு இருக்கிறதா? பழைய தலையணை உறையில் உன் அம்மா தைத்தது. என்னுடைய ஒவ்வொரு வேலை பேன்ட்டிலும் அது உண்டு; ஆஸ்பத்திரியில்தான் மாற்றிக்கொள்வேன், நீ கவனித்திருக்க மாட்டாய். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதத்திலிருந்து அது இல்லாமல் நான் வார்டுக்குள் போனதில்லை. அன்றைக்குப் பின்பக்கம் கிழிந்தபோதுகூட அந்தப் பாக்கெட்டிலிருந்து ஒரு சீட்டு விழவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரி வேறு மாதிரி இல்லை. நான்தான் வேறு மாதிரி எழுதினேன்.

ஏன் என்று கேட்பாய். இத்தனை வருஷம் என் கையில் இருந்த வேலை, நீ வளர்ந்ததே அந்தச் சம்பளத்தில். அப்படிப்பட்ட வேலைக்கு உடை வரைய உட்கார்ந்த என் பெண், வேறு ஒருவர் பின்னால் மூன்று நாள் நடந்துவிட்டு, அவரை மாதிரி வேலை தெரிந்தவரைப் பார்த்ததே இல்லை என்று எனக்கே எழுதுகிறாள். வயிற்றெரிச்சல். வேறு நல்ல வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை. அவர் வேண்டும் என்றது எதுவாக இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பேன். மூக்கில் ஒரு பாக்கெட் கூடாது என்று அவர் சொல்லியிருந்தால், மூக்கில் ஒன்று வைத்துக்கொண்டு போட்டோ அனுப்பியிருப்பேன்.

உன் அம்மாவிடம் நேற்றுச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பேன்ட்டை எடுத்து இஸ்திரி போட்டாள். திட்டியிருக்கலாம்.

பாக்கெட் சாய்வாக இருக்கும், கவனி. நேராக வைத்தால் உட்காரும்போது குத்தும். உள்ளே ஒரு குறுக்குத் தையல் இருக்கும், கத்தரிக்கோலுக்குத் தனி இடம். மூடிக்குப் பட்டன் கிடையாது, கையுறை போட்ட விரலால் பட்டன் கழற்ற முடியாது.

பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வேலையைப் பார்.

அப்பா


ஜூன் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

பேன்ட் வந்தது. பிரித்த அன்றைக்கு உங்கள்மேல் கோபம், சாப்பிடவில்லை. மறுநாள் பாக்கெட்டின் ஒரு பக்கத் தையலைப் பிரித்து, தாளில் வைத்து வடிவத்தை எடுத்துக்கொண்டு, திரும்பத் தைத்துவிட்டேன். அம்மாவின் தையல் மாதிரி வராது, கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தச் சாய்வை நான் நூறு படம் வரைந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். வெளியே துருத்தாமல், தொடைத் தையலோடு சேர்த்து உள்ளே இறக்கிவிட்டேன். மேடம் இரண்டு தடவை தேடிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்.

நீங்கள் ஏன் அப்படி எழுதினீர்கள் என்று சொல்லிவிட்டீர்கள். நான் ஏன் உங்களை முதலில் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்கவே இல்லை. இங்கே சேர்ந்த அன்றைக்கு ஒரு படிவம் தந்தார்கள். அப்பாவின் தொழில் என்ற இடத்தில் "மருத்துவமனை" என்று மட்டும் எழுதினேன். மேடம் டாக்டர் என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. நாலு வருஷமாகத் திருத்தவில்லை. இந்த வேலை வந்ததும், உங்களைக் கேட்டால் யாரைக் கேட்டேன் என்று சொல்ல வேண்டியிருக்குமே என்று பயந்து, இரண்டு பஸ் மாறி ஊரின் அந்த முனைக்குப் போய் ட்ராலி தள்ளுகிற ஒருவரைத் தேடினேன். சக்கரம் மாமா நல்லவராகப் போனது என் அதிர்ஷ்டம்.

இருபத்தெட்டாம் தேதி நீங்கள் இங்கே வர வேண்டும். லீவு கிடைக்காது என்று சொல்லாதீர்கள். பேன்ட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளவாவது வாருங்கள்.

மகள்


ஜூலை 2

அன்பு மகளுக்கு,

சௌகரியமாக வந்து சேர்ந்தேன். அம்மா நலம். நடந்ததையெல்லாம் மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். நாலாவது தடவைக்கு உன்னிடமே கேட்கச் சொல்லிவிட்டேன்.

உன் ஆபீஸில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்திருக்கிறீர்கள். உள்ளே நுழைந்ததும் எதிரே வந்த ஒரு வழுக்கைத்தலைக்குத் தலையசைத்தேன். அவரும் அசைத்தார். பிறகுதான் தெரிந்தது நான்தான் என்று.

நிர்வாகி அந்த மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது யாரு சொல்லி வெச்சது?" என்றார். நீ எழுந்தாய். "வேணும்னு முதல்ல சொன்னது சக்கரம் மாமா. வெட்டு எங்க அப்பா பேன்ட்லேர்ந்து எடுத்தது. எங்க அப்பா முப்பத்தோரு வருஷமா ஆஸ்பத்திரில ட்ராலி தள்றார். அதோ உக்காந்திருக்கார்" என்றாய். உன் மேடம் என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எழுந்திருப்பதா உட்கார்வதா என்று தெரியாமல் பாதியில் நின்றேன். இவ்வளவு நடந்தும் என் மனசு என்ன செய்தது தெரியுமா? உன் வாயில் அவர் பெயர் முதலில் வந்ததைக் குறித்துவைத்துக்கொண்டது.

பிறகு நிர்வாகி என்னையும் சக்கரத்தாரையும் புது உடை போட்டுக்கொண்டு, நோயாளிக்குப் பதிலாகப் படுக்க வைத்திருந்த ஆளுயரப் பொம்மையை மேஜையிலிருந்து தூக்கிக் காட்டச் சொன்னாரே. எண்ணுவது யார் என்று எங்களுக்குள் பேச்சே இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஒண்ணு" என்றோம். இரண்டு பேரும் நிறுத்தினோம். மறுபடி இரண்டு பேரும் "ஒண்ணு". அறையே சிரித்தது. கடைசியில் அவர், "நீங்க சீனியர், எண்ணுங்க" என்றார். எண்ணினேன். குனிந்தோம், தூக்கினோம், ஒரு சீட்டும் விழவில்லை. நிர்வாகி "இதுதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டபோது நீ என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தாய். சின்ன வயதில் அழுகையை அடக்க அப்படித்தான் பார்ப்பாய்.

உனக்குத் தெரியாதது ஒன்று. வெளியே டீ குடிக்கும்போது சக்கரத்தாரிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார். "எனக்கு அன்னைக்கே தெரியுங்க. முப்பத்தோரு வருஷம் ட்ராலி தள்ளினவர் அந்தப் பாக்கெட் இல்லாம இருந்திருக்க முடியாது. ஏதோ மனத்தாங்கல்னு நினைச்சேன். பெத்தவரைப் பத்தி வெளியாள் சொல்லக் கூடாது பாருங்க, அதான் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும்னு சொல்லி வெச்சேன்" என்றார். அவர் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! இப்போது பொறாமைப்படக்கூட ஒரு நியாயம் இல்லாமல் பொறாமைப்பட வேண்டியிருக்கிறது.

படிவத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நீயே நாலு பேர் முன்னால் திருத்திவிட்டாய்.

அடுத்த வேலை தனியாக உன் பெயரில் வந்ததும் என்னவென்று எழுது. அது கப்பல் மாலுமிகளுக்கான உடையாக இருந்தாலும் எனக்கு அபிப்பிராயம் இருக்கும். கழுத்துக்கு வெந்நீர் ஒற்றடம் கொடு.

உன் அப்பா

பின்குறிப்பு: அன்றைக்கு பஸ் கிளம்பும்போது சக்கரத்தார் ஜன்னலோரம் வந்து, "கவலைப்படாம போங்க, இங்க நாங்க இருக்கோம்" என்றார். "சரிங்க" என்றேன். அவர் திரும்பி உன் தோளில் தட்டி, "வா அம்மாடி, போலாம்" என்றார். நீயும் போனாய். பஸ் திரும்பும் வரை என் வாயிலேயே ஒன்று நின்றது. அவரிடம் சொல்லவில்லை. "நல்லா பாத்துக்கோங்க. டீ குடுங்க, மாமாவாவே இருங்க. அம்மாடின்னு மட்டும் கூப்பிடாதீங்க, அது நான் கூப்பிடறது."